ருசிக் கொப்பியில் ஒரு வரி

சின்னத் தட்டில் ஒரு அகப்பை சோறு. பக்கத்தில் பருப்பு, கீரைச் சுண்டல், இரண்டு நெத்தலி. தூசி விழாமல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நிற்பாள் ஸ்டெல்லா.

"டீச்சர், கொஞ்சம் வாயில வச்சுப் பாருங்க. உப்புப் பத்தலன்னா இப்பவே சொல்லுங்க. பொறகு புள்ளைங்க என்னையத்தான் ஏசும்."

கரும்பலகையில் நான் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும். வகுப்பில் இருந்த முப்பத்திரண்டு மூக்குகளும் ஒரே நேரத்தில் அந்தத் தட்டின் பக்கம் திரும்பும். தொண்டை கிழியக் கத்தியும் என் பக்கம் திரும்பாத முகங்கள், அவள் மேல்தட்டை எடுத்ததும் திரும்பிவிடும். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

போன கிழமை இந்தப் பத்தியில் பஸ் கண்டக்டர்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வத்தளையிலிருந்து ஒரு வாசகி தொலைபேசி எடுத்தார். "நீங்கள் ஊரில இருக்கிற எல்லாரையும் பிடிச்சுக் கிழிக்கிறீங்கள். உங்களைப் பற்றி மட்டும் ஒண்டும் எழுதுறேல்லையே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தக் கிழமை என்னையே கிழித்துக்கொள்கிறேன்.

எனக்குப் பொறாமை அதிகம். மேல்மாடிக்காரிக்குக் கடல் தெரிகிற யன்னல் இருக்கிறது, எங்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கிதான் தெரிகிறது. அதற்கே பத்து வருடமாக அவளுடன் அரைச் சிரிப்புத்தான். ஆனால் ஒரு பள்ளிக்கூடச் சமையல்காரியைப் பார்த்துப் பொறாமைப்படுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பணிஸ்

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் வெள்ளவத்தையில் படித்த காலத்தில், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பணிஸ் கொடுப்பார்கள். மரப்பெட்டி ஒன்றில் வரும். மூடியைத் திறந்தால் வகுப்பு முழுக்க ஈஸ்ட் மணமும் சீனி மணமும் பரவும். மேலே பளபளவென்று பழுப்பு நிறம். உள்ளே பிய்த்தால் பஞ்சு.

எனக்கு அது கிடையாது. அம்மா தடுத்துவிட்டார். "எங்கட வீட்டில சாப்பாடு இல்லையோ? அது இல்லாத பிள்ளையளுக்குக் குடுக்கிறது. நீ கை நீட்டக் கூடாது." காலையில் புட்டும் வாழைப்பழமும் வயிறு முட்டத் தின்னக் கொடுத்துத்தான் அனுப்புவார். அந்தப் பழக்கம் இன்றுவரை எனக்கு உண்டு. வெறும் வயிற்றோடு நான் வீட்டுப் படி இறங்கியதே இல்லை.

வயிறு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் பக்கத்து வாங்கிலில் இருந்தவள் பணிஸைப் பிய்த்துப் பிய்த்துத் தின்னும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஒருநாள் அவள் பாவம் பார்த்து ஒரு நுள்ளுத் தந்தாள். அதைவிட ருசியான ஒன்றை நான் பிறகு தின்றதாக ஞாபகமில்லை. நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில், இவளுக்கு மட்டும் தினமும் முழுதாகக் கிடைக்கிறதே என்று அவள் மேல் கோபம்தான் வந்தது. அந்தப் புத்தி அப்போதே என்னிடம் இருந்திருக்கிறது.

ஸ்டெல்லா

காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை என்று கொழும்பே தெருவில் நின்ற காலம் அது. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து ஒரு பஸ், புறக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ்.

வகுப்பில் பாதி வாங்கில்கள் வெறுமையாகக் கிடக்கும். வந்த பிள்ளைகளிலும் சிலர் முதல் பாடத்திலேயே மேசையில் தலை வைத்துவிடுவார்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், "டீ" என்பார்கள். சில பேர் அதையும் சொல்லாமல் சிரிப்பார்கள். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டுவிட்டு நான் என்னத்தைக் கொடுக்கப் போகிறேன்?

அப்போதுதான் பள்ளிக்கூடச் சாப்பாடு தொடங்கியது. பிள்ளைகளின் தாய்மாரில் ஒருவரே சமைக்க வேண்டும் என்று ஏற்பாடு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருக்கிறது. கொழும்பில் தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற சின்ன வீடுகள். அங்கிருந்து வந்தாள் ஸ்டெல்லா, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாய். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். பெரிய சிரிப்பு. யாரைக் கண்டாலும் "மகளே, மகனே."

சைக்கிள் கொட்டகையின் பக்கத்தில் மூன்று பக்கம் தகரம் அடித்துச் சமையல் இடம் செய்துகொடுத்தார்கள். இரண்டே கிழமையில் வாங்கில்கள் நிரம்பின.

சமைத்ததை அப்படியே பரிமாற முடியாது. சட்டம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் சாப்பிட அரை மணித்தியாலத்துக்கு முன் ஒரு ஆசிரியர் ருசி பார்த்து, எப்படியிருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ருசிக் கொப்பி என்போம். ஒரு கிழமைக்கு ஒரு ஆசிரியர் என்று முறை. எல்லாரும் "நன்று" என்று எழுதிவிட்டுப் போவார்கள். "கொடுக்க ஏற்றதல்ல" என்று யாராவது எழுதினால் அன்றைய பானை திறக்கப்படாது. இன்னொரு தரமும் அப்படி எழுதப்பட்டால் சமைக்கிறவரையே மாற்றிவிடுவார்கள்.

நிரோஷா

இனி நிரோஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் ஒரு ஒல்லிப் பிள்ளை. தகப்பன் துறைமுகத்தில் நாட்கூலி. இரண்டாம் வகுப்பிலிருந்து என்னிடம்தான் படித்தாள். நான் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வகுப்பு மேலே வந்தவள். எழுத்துகள் எல்லாம் தெரியும். தனித்தனியாகக் கேட்டால் சொல்லுவாள். சேர்த்து வாசிக்கச் சொன்னால் கண் பூத்துப் போய் நிற்பாள்.

இரண்டு வருடம் நான் அவளோடு மல்லுக்கட்டினேன். பழைய கலண்டர் மட்டைகளை வெட்டி எழுத்து அட்டை செய்தேன். மண் தாளில் எழுத்து வெட்டி விரலால் தடவ வைத்தேன். இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாட, அவளை மட்டும் பக்கத்தில் இருத்திச் சொல்லிக் கொடுத்தேன். கிழமையில் மூன்று நாள் வருவாள். வந்த மூன்று நாளில் சொல்லிக் கொடுத்தது, வராத இரண்டு நாளில் போய்விடும்.

"இந்தப் பிள்ளையை வாசிக்க வைக்காமல் நான் பென்ஷன் எடுக்க மாட்டேன்" என்று என் கணவரிடம் சபதமே செய்திருந்தேன். அவள் வாயைத் திறந்து வாசிக்கிற முதல் வரியைக் கேட்கும் காது என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

முட்டை என்றைக்கு?

சமையல் இடத்துத் தகரத்தில் ஒரு பலகை தொங்கும். திங்கட்கிழமை காலையில் அந்தக் கிழமைச் சாப்பாட்டை அதில் எழுத வேண்டும். ஸ்டெல்லா என்னிடம் சோக்குக் கட்டியை நீட்டுவாள்.

"நீங்க எழுதுங்க டீச்சர். எனக்கு எழுத்துத் தெரியும், சேத்து வாசிக்கத்தான் வராது. ரெண்டாம் வகுப்போட நிப்பாட்டிட்டாங்க. அதுவும் பசியில தூங்கியே போச்சு."

அச்சடித்தது மாதிரி எழுதுவேன். சோறு, பருப்பு, பயறு, சோயா, கீரை. கிழமையில் ஒரு நாள் முட்டை. அது எந்த நாள் என்பது முட்டை கிடைக்கிறதைப் பொறுத்து மாறும். பிள்ளைகள் பலகைக்கு முன்னால் முட்டி மோதிக்கொண்டு முட்டை நாளைத் தேடுவார்கள். வாசிக்கத் தெரியாத சின்னதுகளைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஏமாற்றுவார்கள். "இன்னைக்கு முட்டைடி" என்று பொய் சொல்லி ஓடவிட்டுச் சிரிப்பார்கள். அப்படி அடிக்கடி ஏமாந்தவள் நிரோஷா.

ஒருநாள் கை கழுவப் போனேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"புதன்... சோறு... பருப்பு... மு... முட்டை! வியாழன்... பயறு... தேங்காய்ப்பூ..."

"அட என் தங்கமே! புதன்கெழமையா? அந்தக் கழுதைங்க வெள்ளின்னு சொல்லிச்சுங்களே! இனி உன்னைய எவளும் ஏமாத்த ஏலாது" என்று, சமைக்கிற தனக்கே தெரியாதது போல, ஸ்டெல்லா கை தட்டினாள்.

எட்டிப் பார்த்தேன். நிரோஷா பலகையில் விரல் வைத்து நின்றாள். என் எழுத்து. நான் எழுதிய பலகை. ஸ்டெல்லா என்னைக் கண்டுவிட்டாள். "டீச்சர், இங்க வந்து கேளுங்க, இவ வாசிக்கிறா! மகளே, டீச்சருக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு."

பிள்ளை என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புத்தகத்தை விரித்து வைத்தேன். "வாசி பிள்ளை." தலை குனிந்தது. "இப்ப அங்க வாசிச்சாய்தானே? எனக்கு வாசி." அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. எனக்கும்தான். ஆனால் என்னுடையது பாசத்தில் வந்ததில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் கொட்டித் தீர்த்தேன். இரண்டு வருடமாக என் உயிரைக் கொடுத்தேன், அவள் ஒரு முட்டையைக் கொடுத்துப் பிள்ளையைப் பறித்துவிட்டாள் என்று அழாத குறை. என் கணவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"உம்மட அட்டையெல்லாம் பிழையெண்டு ஆர் சொன்னது? பிள்ளை இப்ப நாளாந்தம் வருது, நித்திரை கொள்ளாமல் இருக்குது. அதால நீர் சொல்லிக் குடுத்தது ஏறுது. சந்தோசப்படுறதை விட்டிட்டு, நீர் போய் ஒரு முட்டையோட போட்டி போடுறீர்!"

அவர் சொன்னது சரி. சரி என்பதால்தான் அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

என் போனில் எடுத்த படம்

அடுத்த கிழமை கல்விக் காரியாலயத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வரவு கூடியிருக்கிறது, சின்ன வகுப்புகளில் வாசிப்பும் கூடியிருக்கிறது, என்ன காரணம் என்று கேட்டார்கள்.

எங்கள் அதிபர் நல்ல மனிதர். ஆனால் சபையில் யாரைப் புகழ வேண்டும் என்று தெரியாதவர். "எல்லாம் எங்கட ஸ்டெல்லாவின்ர கைராசி!" என்று சிரித்தார். அவளைக் கையோடு கூட்டிவந்து நடுவில் நிறுத்தினார்கள். கையைப் பாவாடையில் துடைத்தபடி கூச்சத்தோடு நின்றாள். பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிரோஷா.

படம் எடுக்க நல்ல போன் என்னிடம்தான் இருந்ததாம். "டீச்சர், ஒருக்கா எடுத்து விடுங்கோ" என்றார் அதிபர். எடுத்தேன். மூன்று தரம் எடுத்தேன். படத்தில் எல்லாரும் இருந்தார்கள், என்னைத் தவிர.

ஒரு வரி

அடுத்து வந்த கிழமை ருசி பார்க்கிற முறை எனக்கு. புதன்கிழமை. பலகையில் முட்டை.

அன்றைக்குக் காஸ் இல்லை. ஸ்டெல்லா விடியவே வந்து மூன்று கல் வைத்து விறகில் சமைத்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. வழமை போலத் தட்டைக் கொண்டுவந்தாள். அவித்த முட்டையில் பாதி எனக்கென்று தனியாக வைத்திருந்தாள்.

"வெறகு ஈரம் டீச்சர். ஊதி ஊதி நெஞ்சு வெடிச்சுப் போச்சு. பாருங்க நல்லா இருக்கான்னு."

சோற்றில் கொஞ்சம் புகை மணம். அவ்வளவுதான். அந்த நாட்களில் கொழும்பில் எந்த வீட்டுச் சோற்றில் புகை மணக்கவில்லை? என் வீட்டுப் புட்டிலும் மணத்தது. சோறு நன்றாக வெந்திருந்தது. பருப்பு அமிர்தம்.

கொப்பியை எடுத்தேன். கைதவறி எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்லக் கூடாது. நினைத்து, நிதானமாக, என் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

"சோறு அடிப்பிடித்துப் புகை மணக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏற்றதல்ல."

கையெழுத்துப் போட்டுக் கொப்பியை மூடிக் கொடுத்தேன். "எப்புடி டீச்சர்?" என்று கேட்டாள். "எழுதியிருக்கிறன்" என்றேன். அவளால் வாசிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். கும்பிடாத குறையாகச் சிரித்துவிட்டு அதிபரிடம் கொப்பியைக் கொண்டுபோனாள்.

வரிசையில்

மணி அடித்தது. என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கை கழுவிவிட்டுத் தட்டோடு வரிசையில் நின்றார்கள். முட்டை நாளில் நிரோஷாதான் முதலாவது. பானை மூடியபடி இருந்தது. அதிபர் கொப்பியோடு நின்றார்.

"நிப்பாட்டுங்கோ ஸ்டெல்லா. இண்டைக்குக் குடுக்க ஏலாது."

"ஐயோ, என்ன சேர்?"

"டீச்சர் எழுதியிருக்கிறா. நான் என்ன செய்யிறது? காரியாலயத்துக்குக் கோல் எடுத்துச் சொல்ல வேணும்." கொப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார்.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கொப்பியை விரித்து முன்னால் நின்ற பிள்ளையிடம் நீட்டினாள்.

"மகளே, டீச்சர் என்ன எழுதியிருக்காங்க, வாசி."

நான் ஓடிப்போய்க் கொப்பியைப் பறித்திருக்கலாம். பறிக்கவில்லை.

நிரோஷா தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரியில் விரல் வைத்தாள். "சோறு... அடிப்... பிடித்துப்... புகை... மணக்கிறது." மூச்சு வாங்கினாள். "பிள்ளைகளுக்குக்... கொடுக்க..." அடுத்த சொல்லில் விரல் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஒரே இழுப்பில் சொன்னாள். "ஏற்றதல்ல."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. இரண்டு வருடம் நான் கேட்கத் தவித்த குரல். வாசித்து முடித்ததும் என்னைக் கண்டுவிட்டாள். இந்த முறை வாயை மூடவில்லை. முகம் மலர்ந்து கேட்டாள்.

"டீச்சர், நான் வாசிச்சது சரியா?"

"சரி பிள்ளை" என்றேன்.

ஸ்டெல்லா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். பானை மூடியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு அகப்பை சோற்றை அள்ளி என் முன்னால் நீட்டினாள். "அடிப்புடிச்சிருக்கா டீச்சர்? நீங்களே சொல்லுங்க."

பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோற்றை வாயில் போட்டேன். வெள்ளை வெளேரென்ற நல்ல சோறு. "இல்லை" என்றேன்.

அதிபரிடம் போனேன். நல்லவேளை, அவருக்கு இன்னும் லைன் கிடைக்கவில்லை. "சேர், நான் பிழையா எழுதிப்போட்டன்."

"பிழையா? டீச்சர், சமைச்ச பிள்ளையின்ர பிழைப்பெல்லோ இது!" அவர் என்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. "கொப்பியில வெட்ட ஏலாது. கீழ எழுதிக் கையெழுத்துப் போடுங்கோ."

அவ்வளவு பேருக்கும் முன்னால் மேசையில் குனிந்து எழுதினேன். "மேலே எழுதியது என் பிழை. உணவு நன்று." எழுதி முடிக்கும்வரை ஸ்டெல்லா பக்கத்திலேயே நின்றாள். பிறகு கொப்பியை எடுத்து மறுபடியும் பிள்ளையிடம் கொடுத்தாள்.

"இதையும் வாசி மகளே. சத்தமா வாசி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

நிரோஷா வாசித்தாள். இந்த முறை தடக்கவே இல்லை. ஸ்டெல்லா அவள் தலையைத் தடவி, முதல் முட்டையை அவள் தட்டில் வைத்தாள். அவமானத்தில் செத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்திலும், அந்தத் தலையைத் தடவிய கையைப் பார்த்து எனக்கு எரிந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டு முடித்த பிறகு, தகரத்துக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா என்னிடம் வந்தாள். கையில் ஒரு தட்டு. சோறு, பருப்பு, முழு முட்டை. இதோ ஏச்சு வாங்கப் போகிறேன் என்று தலை குனிந்தேன். அவள் குரலில் கோபம் இல்லை.

"சாப்டுங்க டீச்சர். வெள்ளவத்தையில இருந்து ரெண்டு பஸ் ஏறி வாறீங்க, காலையில ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டீங்க. வயிறு காஞ்சா மனுசருக்குப் புத்தி இப்டித்தான் கோணலாப் போகும். எனக்குத் தெரியாதா?"

தட்டை வாங்கிக்கொண்டேன். அன்று காலையும் நான் புட்டும் வாழைப்பழமும் வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் வந்திருந்தேன்.